லெப்டினன்ட்டின் ஒரே மகன்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில், ஆவணக் காப்பகத்தில் பத்தொன்பது வருடமாக, பழைய தாள்களைப் படமெடுத்து வைத்த சுருள்களை எடுத்துக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வேலை. 1638-இலிருந்து பதினேழு வருடம் ஸ்வீடன் இங்கே ஒரு குடியேற்றம் நடத்தியது. அதில் வந்து இறங்கியவர்களின் வாரிசு தாங்கள் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பதினேழே வருடம். எங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் மாற்றுவதற்கே அதைவிட

(அடித்துவிடுகிறேன். எரிச்சல் தெரிகிறது, கதையைக் காணோம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "அலை ஆர்ப்பரித்தது. மேல்தட்டில் லெப்டினன்ட் எரிக் ஊலூஃப்சன் வாளின் பிடியில் கை வைத்து"

வேண்டாம். இது ஹாரியட் அம்மாள் முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் கதை. அவருக்கே இருக்கட்டும்.

இரண்டாம் முயற்சி. ஹாரியட் எரிக்சன், வயது எழுபத்து நாலு, வாரிசுகள் சங்கத்தின் பதிவாளர். அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் யாருக்கும் பேரனாக முடியாது. ஒரு தலைமுறைக்குத் தாள் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பிவிடும். அம்மாளின் சொந்த வம்சமோ கப்பலிலேயே பிறந்த ஒரு குழந்தையில் தொடங்குகிறது. லெப்டினன்ட்டின் ஒரே மகன். இதை அவர் சொல்லாத நாள் இல்லை. மார்ச் மாதத்தில் கரையிறங்கிய தினம் வரும். அன்றைக்கு நீலமும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு, ஸ்வீடனில் எவனுக்கும் நினைவில்லாத ஒரு தேதிக்காகக் குளிரில் நின்று, கப்பலில் வந்தவர்கள் பெயரையும் செத்துப்போன வாரிசுகள் பெயரையும் வாசிப்பார்கள். முதல் பெயர் லெப்டினன்ட்டுடையது.*

* நாலு வருடம் முன்பு கணவர் இறந்தபோது அம்மாள் தன் பெயரையும் சேர்த்தே கல்லறைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார். பிறந்த வருடம், ஒரு கோடு, பிறகு வெற்றிடம். அதன் கீழே: "லெப்டினன்ட் எரிக் ஊலூஃப்சனின் வழித்தோன்றல்." சாகப்போகும் தேதி தெரியாதாம், வம்சம் மட்டும் தெரியுமாம்.

3

அடுத்த பாத்திரம்: ட்வேன் கீன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் குழாய் ரிப்பேர் செய்கிறவர். (இவரை ரொம்ப நல்லவராக எழுதிவிடுவேனோ என்று பயம். அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: மனிதர் வாய் ஓயாமல் பேசுவார், முக்கால்வாசி மீன்பிடிப்பதைப் பற்றி.) செத்துப்போன தன் அம்மாவின் பெயரைக் கரையிறங்கிய தினத்தில் வாசிக்க வைக்க வேண்டும் என்று மூன்று தடவை விண்ணப்பித்தார். அவருடைய அம்மா வழி, எரிக் ஊலூஃப்சனின் மகள் காரினிடம் போகிறது. மூன்று தடவையும் அம்மாள் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: லெப்டினன்ட்டுக்கு மகள் கிடையாது.

அது சரிதான். லெப்டினன்ட்டுக்கு மகள் கிடையாது.

4

போன சனிக்கிழமை ட்வேன் நாலாவது விண்ணப்பத்தோடு வந்தார். ஸ்வீடன் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் நகல் அதில் இருந்தது. நகலை நம்ப மாட்டேன், மூலச் சுருளைக் காட்டுங்கள் என்றார் அம்மாள். எடுத்து வந்து கொடுத்தேன். முந்நூற்றெண்பது வருடத்துக் கிறுக்கல் அது. ட்வேன் காசு கொடுத்து ஆள் வைத்துப் படித்தது. அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறாமல் வாசித்தார்.

"எரிக் ஊலூஃப்சன். அரசாங்கக் காட்ட வெட்டி எரிச்சு வெதச்சவன். பொண்டாட்டி பிரீட்டா, நெறமாசம். மக காரின், ரெண்டு வயசு. தண்டனையா எல்லாரையும் கப்பல்ல ஏத்தவும்."

"அதான் மேடம், எங்க ஆளு. காட்டுக்குத் தீ வச்சவரு," என்றார் ட்வேன், பெருமையாகவே.

அந்தக் காலத்து ஸ்வீடனில் குடும்பப் பெயர் இல்லை. அப்பன் ஊலூஃப் என்றால் பிள்ளை ஊலூஃப்சன், நம் இனிஷியல் போல. டவுன் பஸ்ஸில் இரண்டு கே. செல்வராஜ் இருப்பதில்லையா, அப்படி அந்தக் கப்பலில் இரண்டு எரிக் ஊலூஃப்சன். அம்மாள் சுருளை மேலே ஓட்டினார். அடுத்த தாள் கப்பல் பட்டியல். கர்ப்பிணி ஒரே ஒருத்தி: பிரீட்டா. வழியில் பிறந்தது ஓர் ஆண் குழந்தை. கடைசி வரியில் லெப்டினன்ட்: மணமாகாதவர். ஓரத்தில் பிற்பாடு சேர்த்த குறிப்பு: மறு வருடமே ஊர் திரும்பிவிட்டார்.

கப்பலில் பிறந்த குழந்தை தீ வைத்தவனுடையது. ட்வேனுக்குக் கையெழுத்துப் போட்டால் அம்மாள் தன் வம்சத்திலிருந்து லெப்டினன்ட்டைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும்.

5

இங்கே நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) அம்மாள் விண்ணப்பத்தைக் கிழிக்கிறார். படித்துக் காட்டியதில் மூன்று பேருக்கு இது பிடித்தது. மூவரும் அவரால் நிராகரிக்கப்பட்டவர்கள்.

(ஆ) "நாம ஒரே ரத்தம்" என்று இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதிய கையைக் கழுவ வேண்டியிருந்தது.

(இ) அம்மாள் என்னைப் பார்க்கிறார், அப்போது

இது நடந்தது. அதனால்தான் பாதியில் விட்டேன்.

6

சுருளை எடுக்கிறவர்கள் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். அம்மாள் சீட்டைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு பெயர். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. என் கையெழுத்து.

ஆமாம், பார்த்திருந்தேன். அன்றைக்கே புரிந்தும்விட்டது. ஒரு கதைக்கு ஆகும் என்று பொத்தி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் குளிரில் நின்று அந்த முதல் பெயரை வாசித்தபோது, கூட்டத்தின் பின்வரிசையில் நின்று ரசித்தேன். அவர் கல் வெட்டக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். எழுத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம்தான் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன்.

அம்மாள் கோபப்படவில்லை.

"சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார்.

பிறகு விண்ணப்பத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

7

நான் அங்கேதான் நின்றிருந்தேன். என்ன செய்தார் என்று பார்த்தேன். கையெழுத்துப் போட்டார் என்றால் அவரை மன்னித்துவிட்டு நிம்மதியாகப் பக்கத்தை மூடுவீர்கள். போடவில்லை என்றால் சிரித்துவிட்டு மூடுவீர்கள். எப்படியானாலும் அவரைப் பற்றித்தான் பேசுவீர்கள், என்னைத் தப்பவிட்டுவிடுவீர்கள். அதற்காகத்தான் அவர் செய்ததைச் சொல்லாமல் விடுகிறேன் என்று எழுதினால் உயர்வாகத் தெரியும். அதுவும் பொய்.

கல்லைச் செதுக்கும் முன்பு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது. அவர் கதையை ஒரு தடவை தின்றுவிட்டேன். மிச்சத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.