பதினொன்றாவது பெட்டி

ஊர்த் தொட்டிக்குப் போகும் வால்வை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தான் தம்பி. துருப்பிடித்த சக்கரம் அடம்பிடித்தது.

"சீக்கிரம்டா. ஊருக்குள்ள போயிடும்."

"வாயாலயே மூடிடுக்கா, நான் வீட்டுக்குப் போறேன்."

ஒருவழியாக மூடியது. அக்கா கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் பிடித்தாள். கிணற்றுத் தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் பம்ப் ஆபரேட்டர். அவள் நிலத்தடி நீர் ஆய்வாளர். மேட்டுத் தொழிற்சாலையின் கழிவுக் குழியோரம் துளை போட்டு, நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கெடுதல் இல்லாத பச்சைச் சாயத்தை ஊற்றியது அவள்தான். இப்போது மணி பத்து. ஒரு கிலோமீட்டரை இருபத்தெட்டு மணி நேரத்தில் கடந்து வந்திருக்கிறது.

"அப்ப இத்தனை வருஷமா குழித் தண்ணியத்தான் என் பொண்டாட்டி குடிச்சிருக்கா."

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில், இயந்திரத்தோடு. காரணம் தெரிந்தாக வேண்டும் என்று போன மாதம் அக்காவை அழைத்ததே அவன்தான். அன்றிலிருந்து அக்காவுக்கு மனசு மரத்துக் கிடந்தது.

"கல்லுக்குள்ள எப்படிக்கா ஓடும்?"

"எரிமலைக் கல்லுடா. குழம்பு ஓடி ஆறும், அது மேல அடுத்தது ஓடும். ஒவ்வொண்ணும் நடுவுல கெட்டி, தலைப்பக்கம் நுரை மாதிரி பொத்தல். அந்தப் பொத்தல்லதான் தண்ணி தங்கும், ஓடும்."

"கீழ எல்லாம் கெட்டின்னு எழுதிக் குடுத்துதானே குழிக்கு அனுமதி வாங்கினாங்க. எந்தப் புண்ணியவான் எழுதினான்?"

அவள் குவளையைக் கீழே வைத்தாள். கை யாருடையதோ போலிருந்தது.

"துளை போட்டு எடுக்குற கல்ல வரிசையா பெட்டியில அடுக்குவோம். கெட்டிக் கல்லு முழுசா வரும். பொத்தல் கல்லு பொடிஞ்சு போயிடும். வராத எடத்துக்கு, அதே நீளத்துல மரக்கட்டை வெக்கணும்."

"வெக்கலையா?"

"பதினொண்ணாவது பெட்டியில ஒரு முழம் காலி. கல்லு நகந்துடுச்சுன்னு நெனச்சு, தள்ளி ஒட்ட வெச்சாச்சு. பாக்க லட்சணமா, எல்லாம் கெட்டிக் கல்லா இருந்துது."

"யாருக்கா வெச்சது?"

நோட்டில் 'காலை பத்து, பச்சை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

"அந்தக் குழி அனுமதி ரிப்போர்ட்லயும் இதே கையெழுத்துதான்டா."