ஐந்து தப்படி வடக்கே

நாற்பத்து நான்காவது கூட்டை எனக்குக் காட்டியவள் பாவாத்தாள். அன்பினால் அல்ல, கோபத்தில் காட்டினாள்.

1996, மே மாதம். அன்னூருக்குக் கிழக்கே இருநூறு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. அங்கே மூன்றாவது வருடமாக ஆட்காட்டிக் குருவிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தோல் தொங்கும், நீளமான மஞ்சள் கால்கள் கொண்ட பறவை. மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில் சரளைக்கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவுப் பள்ளத்தில் நான்கு முட்டை இடும். கல்லும் முட்டையும் ஒரே நிறம். பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டால் போதும், மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

அதனால் எனக்கு ஒரு முறை இருந்தது. கூடு கிடைத்ததும் அங்கிருந்து வடக்கே ஐந்து தப்படி நடப்பேன். பையிலிருந்து சுண்ணாம்பு பூசிய மூன்று கற்களை எடுத்து அங்கே சேர்த்து வைப்பேன். நோட்டில் எண் போடுவேன். மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து, வெள்ளைக் கற்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் பிடித்து, அங்கிருந்து தெற்கே ஐந்து தப்படி நடந்தால் கூடு. எந்தக் கூடானாலும் வடக்குத்தான், ஐந்துதான். என் ஒழுங்கைப் பற்றி எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று கூடுகள். ஐந்தில் குஞ்சு பொரித்தது. மூன்றில் பறவை இன்னும் அடைகாத்துக்கொண்டிருந்தது. மீதி முப்பத்தைந்தும் காலி. ஒவ்வொரு காலிக் கூட்டைச் சுற்றியும் ஆட்டுக் குளம்புத் தடங்கள் இருந்தன. நான் அறிக்கை எழுதினேன்: செம்மறி மேய்ச்சலால் இந்தப் பறவை இங்கே அழிந்துகொண்டிருக்கிறது. என் வழிகாட்டி டாக்டர் ஏசுவடியான் அதைப் படித்துவிட்டு, “கிருபா, இது வெறும் பட்டத்துக்கான வேலை இல்லை. நிலத்தையே காப்பாத்தற வேலை” என்றார். அறிக்கை மேலே போனது. புறம்போக்கைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு மேய்ச்சலைத் தடுப்பது என்று பேச்சு வந்தது. முடிவெடுக்க வியாழக்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம்.

பாவாத்தாளுக்கு நாற்பத்திரண்டு செம்மறி. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தப் புறம்போக்கை விட்டால் அவள் ஆடுகள் வாய் வைக்க வேறு இடமில்லை. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்து நாலோ ஐந்தோ. மூன்று வருடமாக எதிரே வந்தால் சிரித்துக்கொள்வோம். அவ்வளவுதான் பழக்கம்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால், சனிக்கிழமை காலை, என் மொபெட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க அம்மணி, என்ற ஆடு முட்டையத் திங்குதுன்னு எழுதிப்போட்டீங்களாமா?”

“திங்குதுன்னு எழுதலீங்க. மிதிக்குதுன்னுதான் எழுதியிருக்கேன்.”

“மிதிச்சா ஓடு கெடக்கோணுமில்லீங்க? ஒடஞ்ச ஓடு ஒண்ணாச்சும் பாத்தீங்களா?”

எறும்பு, காற்று, வெயில் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கோலைத் தரையில் ஊன்றினாள்.

“உங்க ஊட்ல ஆடு உண்டுங்களா?”

“இல்லீங்க. கோயமுத்தூர்ல, சர்ச் பக்கத்துல வீடு. ஒரு நாய்கூட இல்ல.”

“அதானே பாத்தேன். வண்டிய நிறுத்திப்போட்டு வாங்க.”

கிலுவை வேலி ஓரமாக ஆடுகள் தினமும் போய்வரும் தடத்துக்கே கூட்டிப்போனாள். தடத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு ஆட்காட்டி படுத்திருந்தது. அந்தப் பக்கம் கூடு இருக்கும் என்று நான் தேடியதே இல்லை. பாவாத்தாள் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். ஆடுகள் தலையைக் குனிந்தபடி மொத்தமாக வந்தன. பறவை எழுந்தது. ஓடவில்லை. முட்டைகளுக்கு முன்னால் நின்று, இரண்டு சிறகையும் விரித்து, முன்னால் வந்த கிடாயின் முகத்துக்கு நேரே கத்தியது. கிடாய் நின்றது. பிறகு சலித்துக்கொண்டதைப் போல விலகி நடந்தது. அதன் பின்னால் நாற்பத்தோரு ஆடுகளும் விலகி நடந்தன.

“கத்தற பொம்பளகிட்ட ஆருங்க போவாங்க?” என்றாள் பாவாத்தாள். “என்ற ஊட்டுக்காரரே நான் கத்துனா வேலியச் சுத்திக்கிட்டுத்தான் போவாரு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. “எத்தனை நாளா இருக்குதுங்க இந்தக் கூடு?”

“இருவது நாளாச்சுங்க. தெனமும் ரெண்டு தடவ இதே நடப்புத்தான்.”

ஒரு கூடு எதையும் நிரூபிக்காது என்று என் மனம் உடனே சொன்னது. முப்பத்தைந்துக்கு எதிரே ஒன்று, விதிவிலக்கு. மனம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கால்கள் வடக்கே ஐந்து தப்படி நடந்துவிட்டிருந்தன. கை பைக்குள் போனது. மூன்று வெள்ளைக் கற்கள். நோட்டில் எண் நாற்பத்து நான்கு.

“அது என்னத்துக்குங்க?”

“அடையாளத்துக்கு.”

“எனக்குத்தான் எடம் தெரியுமேங்க.”

“எனக்குத் தெரியணுமில்லீங்க.”

அவள் ஆடுகளின் பின்னால் நடந்தாள்.

ஞாயிறு நான் போகவில்லை. திங்கள் காலை போனேன். கற்கள் இருந்தன. ஐந்து தப்படி தள்ளிப் பள்ளம் இருந்தது. முட்டை இல்லை. அந்தக் கூட்டின் ஜோடிப் பறவைகள் இரண்டும் வேலிமேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. நேராகப் பாவாத்தாளிடம் போய், “முட்டைய எடுத்துட்டீங்களா?” என்று கேட்டேன். எனக்குத் தோன்றியது அதுதான்: என்மேல் இருந்த ஆத்திரத்தில் எடுத்திருப்பாள், என் வேலையைக் குலைக்கிறாள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது திகைப்பு.

“இருவது நாள் என்ற ஆடு நடந்துச்சுங்க. ஒரு நாள் நீங்க வந்தீங்க. என்னையக் கேக்கறீங்களே அம்மணி.”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கண்ணேறு என்கிறாள், வேறென்ன சொல்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவள்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஆசைப்பட்டேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கூடே இல்லாத ஒரு வெறும் இடத்தில் மூன்று வெள்ளைக் கற்களை வைத்தேன். தூரத்தில் ஒரு வேலாமரத்தின் அடியில், பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு, பைனாகுலரோடு உட்கார்ந்தேன். பாவாத்தாளைப் பிடிக்க நான் வைத்த பொறி அது.

எட்டு மணிக்கு ஆடுகள் வந்தன. பாவாத்தாள் வந்தாள். கற்களுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். குனியவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

ஒன்பதரைக்கு ஒரு அண்டங்காக்கை வந்து வெள்ளைக் கல்லின்மேல் இறங்கியது.

கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே குதித்து, முதுகை வடக்கே காட்டித் திரும்பி, தெற்கே நடக்கத் தொடங்கியது. தத்தித் தத்தி, அவசரமில்லாமல், சொந்த வாசலில் நடப்பதுபோல. என் ஐந்து தப்படி தூரம் வந்ததும் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. அலகால் ஒரு கல்லைப் புரட்டியது. இன்னொன்றைப் புரட்டியது. எதுவும் கிடைக்காமல் கற்களிடம் திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து, தெற்கே, அதே தூரம் நடந்தது.

பைனாகுலரை நான் இறக்கவில்லை. இறக்கினால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம். அந்தக் காக்கைக்கு என் முறை தெரிந்திருந்தது. திசை தெரிந்திருந்தது, தூரம் தெரிந்திருந்தது. நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக மாதம் ஒருமுறை கற்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பும் பூசியிருந்தேன்.

நோட்டைத் திறந்தேன். பொரித்த ஐந்து கூடுகளைத் தேடினேன். ஐந்துமே பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்னால்தான் என் கண்ணில் பட்டவை. கல் வைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ குஞ்சுகள் எழுந்து ஓடிவிட்டன. பக்கத்தில் என் கையெழுத்திலேயே ‘அதிர்ஷ்டம்’ என்று இருந்தது. இன்னும் புரட்டினேன். ‘அண்டங்காக்கை 2, வேலாமரத்தில்’ என்று முதல் வருடம் எழுதியிருந்தேன். மறுவாரமும் எழுதியிருந்தேன். இருபத்தாறு இடங்களில் எழுதியிருந்தேன். பார்த்திருக்கிறேன், எண்ணியிருக்கிறேன், அது என்னைப் பார்க்கிறது என்று மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை.

சாக்கை உதறிவிட்டு ஓடினேன். அடைகாப்பில் இருந்த மூன்று கூடுகளுக்கும் பக்கத்திலிருந்து கற்களை அள்ளிப் பையில் போட்டேன். இரண்டில் முட்டைகள் இருந்தன. மூன்றாவது காலி. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். வெயிலின் சூடா, பறவையின் சூடா என்று தெரியவில்லை.

அன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து டாக்டர் ஏசுவடியானைக் கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கத்தான் செய்தார்.

“ஒரு காக்காய நம்பி மூணு வருசத்தத் தூக்கிப் போடுவியா, கிருபா?”

“மூணு வருசமும் அது என்னை நம்பித்தான் சார் இருந்திருக்கு.”

“யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன் சார்.”

“வியாழக்கிழமை நீ வாயத் திறக்காதே. வேலி முதல்ல வரட்டும். பறவைக்கு நல்லதுதானே? மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் கெட்டவர் இல்லை. வேலி வந்தால் பறவைக்கு நல்லது என்று அவர் உண்மையாகவே நம்பினார். இரண்டு நாளும் அந்த வாக்கியத்தை நானும் நம்பிப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் எனக்குப் பட்டம் உண்டு, பறவைக்கு வேலி உண்டு. நாற்பத்திரண்டு ஆடுகள் மட்டும் எங்காவது போகவேண்டும். கணக்கு அழகாகத்தான் வந்தது. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் காக்கை நடந்தது.

வியாழக்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் விசிறி ஓடவில்லை. கூட்டம் நடத்த வந்திருந்த அதிகாரி கோப்பாலேயே விசிறிக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாகப் பாவாத்தாளும் இன்னும் ஏழெட்டு ஆட்டுக்காரர்களும் நின்றார்கள். டாக்டர் பேச எழுவதற்கு முன் நான் எழுந்துவிட்டேன்.

“என் அறிக்கை தப்புங்க சார். ஆடு காரணமில்லை.”

“அப்ப எது காரணம்?”

“காக்கா. அதுக்குக் கூட்டைக் காட்டிக் குடுத்தது நான்.”

கல்லையும் தப்படியையும் விளக்கினேன். முப்பத்தேழு கூடு, கூட்டுக்கு நாலு முட்டை, நூற்று நாற்பத்தெட்டு என்று சொன்னபோது அதிகாரி விசிறுவதை நிறுத்தினார். பிறகு பின்னாலிருந்து செங்கோட்டையன் என்ற ஆட்டுக்காரர் சொன்னார்:

“நாமெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு வெக்கறம். அம்மணி மூணு வருசமா நித்தமும் வெச்சிருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கமே இல்லை. அதைச் சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பாவாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

வேலிப் பேச்சை ஒரு வருடம் தள்ளி வைத்தார் அதிகாரி. அதற்குள் குருவிகளை மறுபடி எண்ணி எழுதித் தரச் சொன்னார். டாக்டர் ஏசுவடியான் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறினார்.

வெளியே வாகை மரத்தடியில் பாவாத்தாள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு உங்களக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

“போச்சாதுங்க. ஆடு மேய எடம் நின்னுச்சு. அது போதும்.”

“உங்களுக்குத் தெரிஞ்ச கூடு இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“எனக்குக் காட்டுவீங்களா? கல்லு வெக்கமாட்டேன். நோட்டுகூட எடுக்கமாட்டேன்.”

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பகை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“உங்கமேல எனக்குக் கோவமில்லீங்க அம்மணி. ஆனா காட்டமாட்டனுங்க. கல்லு இல்லாட்டி என்னுங்க? நீங்க எங்க நின்னு குனியறீங்கன்னு அந்தக் காக்கா பாக்குமில்லீங்க. உங்க நடைய அது பழகிப்போட்டுது.”

கோலை எடுத்துக்கொண்டாள். “வாரனுங்க” என்று சொல்லிவிட்டுப் புறம்போக்குப் பக்கம் நடந்தாள்.

நானும் அங்கேதான் போகவேண்டும். என் மொபெட் அந்தப் பக்கம்தான் நின்றது. அந்தத் தடத்தில் நடந்தால் எங்காவது ஒரு பறவை கத்தும், நான் என்னை அறியாமல் நின்றுவிடுவேன், கீழே பார்ப்பேன். அதைத் தடுக்க எனக்குத் தெரியாது. தார் ரோட்டுக்கு வந்து, கண்ணை மண்மேல் படவிடாமல் தலையை நிமிர்த்திக்கொண்டு, கோயமுத்தூர் பஸ்ஸுக்காக நின்றேன்.