தௌனோவைக் கண்டு விலகிய தீவு

தௌனோ கெட்டுனென் துடுப்பு போட்டுக்கொண்டு வந்தால் லெப்பாசாரித் தீவு பின்வாங்கியது. அவர் பத்து முழம் நெருங்கினால் அதுவும் பத்து முழம் விலகும். மற்றவர்கள் படகு வந்தால் தீவு சும்மா கிடக்கும். இப்படியே மூன்று ஆண்டு ஆயிற்று, காரணம் ஏரிக்கரை முழுக்கத் தெரியும். தீவும் அதிலிருந்த சவுனா என்னும் நீராவிக் குளியலறையும் அவர் மனைவி ஸைமிக்கு அவள் அப்பா விட்டுப்போனவை. ஒரு நடுக்கோடைத் திருநாளன்று, அந்தச் சவுனாவின் வெக்கையிலேயே சுகமாக உட்கார்ந்துகொண்டு, "வெறும் கல்லு. வித்துத் தொலைக்கலாம்," என்றார் தௌனோ. மறுநாள் இருவரும் கரையிலுள்ள வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் தீவு முந்நூறு முழம் தள்ளி நின்றது. பக்கத்து வீட்டு ரெய்னோ தொலைநோக்கியில் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவர் தீவைப் பற்றிப் பேசுவது எங்கள் பக்கம் மரியாதையல்ல.

முப்பத்தொரு ஆண்டு மணவாழ்வில் தௌனோ மன்னிப்பு கேட்டதில்லை. பின்லாந்துக்காரனுக்கு அந்தச் சொல் தொண்டையில் மீன்முள். தப்பு செய்தால் அவர் விறகு பிளப்பார். அடுக்கின் உயரத்தைப் பார்த்து ஸைமி அவர் வருத்தத்தை அளந்துகொள்வாள். இம்முறை அடுக்கு ஜன்னலை மறைத்ததால், சூரியன் மறையாத ஜூன் மாதத்தில் சமையலறைக்கு விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஸைமி மசியவில்லை. மூன்றாண்டு கழித்து வந்த திருநாள் காலையில் சொன்னாள்:

"இந்தத் தடவையும் போய்ச் சேரலைன்னா நாளைக்கு நான் தனியாப் போயிடுவேன், தௌனோ. அது என்னை விடும். திரும்பி வரமாட்டேன்."

தௌனோ அன்றே விறகில் பாதியைத் தீவுக்குக் காணிக்கையாகப் படகில் ஏற்றினார். அதன் மேல் அவித்த உருளைக்கிழங்கு, புகைபோட்ட மீன், அதற்கும் மேல் ஸைமி. தண்ணீர் படகின் விளிம்பைத் தொட்டது. விறகைக் கண்ட தீவு வழக்கத்தைவிட இருமடங்கு வேகமாக ஓடியது.

"விறகுக்கெல்லாம் மயங்குற வயசா அதுக்கு?" என்றாள் ஸைமி.

தௌனோ துடுப்பை உள்ளே இழுத்துப்போட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "சொன்னது தப்பு," என்று முனகினார். தீவு நின்றது.

"சத்தமாச் சொல்லுப்பா. அதுக்குக் காது மந்தம்."

"சொன்னது தப்பு! நீ வெறும் கல்லு இல்ல! மன்னிச்சிடு!"

கரையில் திருநாள் தீயைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தீவு ஒரு கன்றுக்குட்டியைப்போல வந்து படகை முட்டியது. தௌனோ கயிற்றோடு குதிக்கப் போனார். ஸைமி எழுந்திருக்கவில்லை.

"அதுக்குச் சொல்லியாச்சு," என்றாள்.

தௌனோ மறுபடி உட்கார்ந்தார். இம்முறை கரைக்குக் கேட்காத குரலில், அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். முப்பத்தொரு ஆண்டுப் பாக்கி. சொல்லி முடிப்பதற்குள் மீனைக் கடற்காகங்கள் தின்று தீர்த்துவிட்டன. தீவு அசையாமல் காத்திருந்து இருவரையும் இறக்கிக்கொண்டது. மறுநாள் ஸைமி எங்கும் தனியாகப் போகவில்லை. இப்போதெல்லாம் திருநாளன்று தீவே கரைக்கு வந்து அவர்களை அழைத்துப் போகிறது. அன்று காலையில் ரெய்னோ அதற்கு இடம்விட்டுத் தன் படகைச் சற்றுத் தள்ளிக் கட்டிவைக்கிறார்.