இடமிருந்து மூன்றாவது ஆள்

'இணையத்தில் வரும் படத்தை நம்பலாமா?' என்று பலகையில் எழுதிவிட்டுத் துப்பறியும் அதிகாரி மாதிரி நின்றேன். ஒன்பதாம் வகுப்பு, வரலாறு, கடைசிப் பீரியட். ஒரு படத்தைக் கணினியில் ஏற்றித் தேடினால், அது முதலில் எங்கே, எப்போது வந்தது என்று காட்டிவிடும். நானே போன வாரப் பயிற்சியில்தான் கற்றுக்கொண்டேன். அலட்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பறக்கும் மீன், இரட்டைத் தலைப் பாம்பு என்று வரிசையாகப் பொய்களைப் பிடித்துக் காட்டியதும் பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை.

"டீச்சர், நம்ம செவுத்துல இருக்கறதப் போடுங்க!"

சுவரில் இருப்பது துறைமுக வேலைநிறுத்தப் படம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பிரவுசிங் சென்டரில் நானே தேடி, அச்செடுத்து, 'நம் துறைமுகம்' என்று கீழே தட்டச்சு செய்து ஒட்டியது. அதில் இடமிருந்து மூன்றாவதாகக் கையை உயர்த்தி நிற்பவர் இரண்டாம் பெஞ்சுப் பெண்ணின் தாத்தா. வகுப்பில் அவளுக்குப் பெயரே 'தலைவர் பேத்தி'தான். இப்போதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நானும் யோசிக்காமல் படத்தை ஏற்றினேன்.

திரையில் அதே படம் வந்தது, ஆனால் கீழே போட்டிருந்தது வேறு கடல், வேறு தேசம். எங்கள் வேலைநிறுத்தத்துக்கு முப்பது வருடம் முந்தைய படம். பின்னால் ஒருவன் சிரித்தான், வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"தப்பு என்னோடது. சரிபார்க்காம எழுதிட்டேன்" என்றேன். அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

மீதி இது. அந்தப் பெண்ணின் அம்மாவும் என் மாணவிதான். துறைமுகத்தில் மூட்டை சரிந்து அப்பா செத்தபோது அவள் வயிற்றுப் பிள்ளை. ஆறு வயதில் அம்மாவும் போய்விட, விடுதியில் வளர்ந்தாள். அப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருநாள் சுவரருகே நின்று, "எங்கப்பா இதுல இருப்பாரா டீச்சர்?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இவரா இருக்கலாம்மா" என்று மூன்றாவது ஆள் மேல் விரலை வைத்தேன். ஆதாரம், ஆதாரம் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். பிரதி கேட்டாள், அதையும் கொடுத்தேன்.

பள்ளி விட்டதும் அவளுடைய தையல் கடைக்குப் போனேன். மகள் எனக்கு முன்பே போயிருந்தாள். எல்லாம் சொல்லியாகிவிட்டது என்பது வாசலிலேயே தெரிந்தது. மெஷினுக்கு மேலே அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"திட்டறதா இருந்தா திட்டிடும்மா" என்றேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. தையலை முடித்து, நூலைக் கடித்து எடுத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு அவருகிட்டதான் சொல்லிட்டுப் போனேன். இவ பொறந்ததையும் அவருகிட்டதான் மொதல்ல சொன்னேன். பாவம் டீச்சர், யாரோ என்னவோ, இத்தனை வருஷமா எங்க புலம்பலையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்திருக்காரு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்ப எங்கப்பா எப்படித்தான் இருப்பாரு?"

"தெரியாதும்மா" என்றேன். இருபத்திரண்டு வருடம் கழித்து.

கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நெத்தியும் மூக்கும் அப்படியே ஒங்கப்பான்னு அம்மா சொல்லும். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். எழுந்து, அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். உள்ளங்கையால் வாயையும் தாடையையும் மறைத்துக்கொண்டு, மிச்ச முகத்தையே பார்த்தாள். மகளும் பக்கத்தில் வந்து நின்று, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல், தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.