நீலாவதியைப் பார்க்க ஓர் ஊசி

திருச்செல்வம் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அவன் மனைவி நீலாவதி இரத்தப் புற்றுநோய்க்காக ஈப்போவில் மருத்துவமனையில் இருந்தாள். துணைக்கு அவள் அக்கா. நீலாவதிக்கு எதிர்ப்புச் சக்தி அறவே குறைந்துவிட்டது, ஃப்ளூ வந்தால் தாங்கமாட்டாள், பார்க்க வருகிறவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவன் போடவில்லை. போன வருடம் ஊசி போட்ட கையோடு பக்கத்து வீட்டு மாடசாமி காய்ச்சலில் விழுந்ததைப் பார்த்திருந்தான். ஊசியே காய்ச்சலைக் கொண்டுவந்து, அதை அவளுக்கும் ஒட்டவைத்துவிட்டால்? அதனால் போகாமலே இருந்தான்.

தினமும் மேட்டில் லோரியை நிறுத்தி நீலாவதியைப் போனில் வீடியோவில் அழைப்பான். மலையைக் காட்டச் சொல்வாள், காட்டுவான். ஒருநாள் அவள் கேட்கவில்லை.

"மலைய அப்பறம் பாத்துக்கலாம். நீங்க வாங்கலா. ஒங்களப் பாக்கணும்போல இருக்கு."

மறுநாளே கிளினிக்குக்குப் போனான். தாதி பிரேமலாவிடம் பயத்தை மறைக்காமல் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது என்றாள். கை வலிக்கலாம், இலேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், ஓரிரு நாளில் போய்விடும். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். அதற்காகத்தான் போட்டபின் சற்று உட்காரவைக்கிறோம். மாடசாமிக்கு வேறு ஏதாவது சளிக்காய்ச்சல் தொற்றியிருக்கலாம்.

"முழுசாத் தடுக்கும்னு சொல்லமாட்டேன், அண்ணே. ஆனா ஆபத்து கொறையும். ரெண்டு வாரம் கழிச்சுப் போங்க, அப்பத்தான் ஒடம்பு தயாரா இருக்கும்."

ஊசி போட்டுக்கொண்டான். அன்று மாலை உடம்பு சுட்டது, கையும் வலித்தது. தாதி சொன்னது நினைவிருந்தும் நீலாவதியைப் போனில் அழைத்துச் சொன்னான்.

"எந்தக் கை வலிக்குது?" என்றாள்.

"எடது."

"தேச்சு விட நான் பக்கத்துல இல்லியே."

அடுத்த நாள் சூடு தணிந்தது. வலியும் போனது. காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கை கழுவி முகக்கவசம் போட்டு அவன் உள்ளே போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முடி கொட்டி, முகம் சிறுத்துப்போயிருந்தது. எழுப்ப மனமில்லாமல் அருகில் உட்கார்ந்தான். கண் திறந்ததும் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று அங்கிருந்த தாதி வந்து சொல்லும்வரை விடவே இல்லை.