நூற்று முப்பத்தேழாம் நம்பரின் குதிரைகள்

டெலிபோன் போர்டில் நூற்று முப்பத்தேழின் ஷட்டர் 'டொக்'கென்று விழுந்தபோது ஞானம்மா மலைவாழைப்பழத்தைப் பாதி உரித்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஷட்டர் விழும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாராவாரம் அந்த நேரத்துக்கு எதையாவது உரித்துக்கொண்டோ கடித்துக்கொண்டோ இருப்பாள். தான் ஒன்றும் காத்திருக்கவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்வதற்கு அப்படியொரு ஏற்பாடு. பழத்தைத் தோலோடு மேசையில் வைத்துவிட்டு, கார்டு வயரை எடுத்து நூற்று முப்பத்தேழில் சொருகி, "எக்ஸ்சேஞ்ச்" என்றாள்.

"மெட்ராஸ் ஒண்ணு போடுங்கம்மா. அதே நம்பர்தான்." இராமலிங்கம் சாரின் குரல். "ஆர்டினரி வேணாம், லைட்னிங்காப் போட்டுருங்க."

லைட்னிங் கால் என்றால் எட்டு மடங்கு காசு. கொடைக்கானலில் வீட்டில் யாராவது செத்தால்தான் லைட்னிங் போடுவார்கள். பெரிய பங்களாக்காரர்கள் என்றால் சாகக் கிடக்கும்போதே போடுவார்கள். இந்த மனிதரோ ஆர்டினரி காலிலேயே மூன்று நிமிஷம் முடியப்போகிறது என்றால் பாதிப் பேச்சை முழுங்கிவிட்டு வைக்கிறவர். ஞானம்மா "சரிங்க சார்" என்று சொல்லி, கால் பதிவு டிக்கெட்டில் நம்பரை எழுதினாள்.

மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போன பிறகு செண்பகனூர் ரோட்டில் பேரி மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டில் தனியாக ஒதுங்கிவிட்டார். இதையெல்லாம் யாரும் ஞானம்மாவுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரே போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது வரைக்கும் தானாக வந்து சேர்ந்துவிடும். முகம் மட்டும்தான் வராது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவரை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கலாம். மஃப்ளர் சுற்றிய கிழவர் யாராவது பக்கத்தில் இருமினால் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். அவர் இருமி அவள் கேட்டதே இல்லை என்பது அப்புறம்தான் உறைக்கும்.

ரேஸ் பைத்தியங்களை ஊர் உலகத்துக்குத் தெரியும். கனவில் குதிரையைப் பார்ப்பார்கள், ஜோசியரிடம் போவார்கள், பெண்டாட்டி வளையலைக் கழற்றிக்கொண்டு போவார்கள். இராமலிங்கம் சார் அந்த ரகமில்லை. மெட்ராஸில் இருந்த சேனாதிபதி என்ற, பந்தயப் பணம் வாங்குகிற புக்கியிடம் அவர் பேசுவதைக் கேட்டால், ஏதோ மக்குப் பையனுக்குப் பாடம் எடுக்கிறார் என்றுதான் தோன்றும். எந்தக் குதிரை எத்தனை கிலோ சுமக்கிறது, கடைசியாக ஓடி எத்தனை வாரம் ஆயிற்று, தரை ஈரமா உலர்ந்ததா, ஜாக்கி யார், எல்லாவற்றுக்கும் ஒரு மார்க் உண்டு. மார்க்கைக் கூட்டிப் பார்த்து, ஒரு குதிரை நாலு தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும் என்று வரவேண்டும். சேனாதிபதி அதற்கு ஒன்றுக்கு ஆறு தருகிறேன் என்று சொல்லவேண்டும். அப்படி வந்தால்தான் கட்டுவார். இல்லையென்றால், "இன்னைக்கு நமக்குச் சோலி இல்லப்பா" என்று வைத்துவிடுவார். குதிரையைக் கண்ணால் பார்க்கவே கூடாது என்பது அவர் கட்சி. பார்த்தால் பிடித்துப்போகும், பிடித்துப்போனால் கணக்குக் கெட்டுவிடுமாம்.

லைன் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே ஆப்பரேட்டர் கேட்கும் கீயைப் போட்டுக் காது கொடுக்கலாம் என்பது விதி. ஞானம்மா மற்ற எல்லா நம்பர்களுக்கும் அந்த விதியை மதித்தாள்.

கேட்டுக்கேட்டு அவளுக்கும் கணக்குப் பிடிபட்டுப்போயிற்று. மூஞ்சிக்கல்லில் அவள் இருந்த ஒற்றை அறையில் ஸ்டவ் இரைய, சுடுசோறு இறங்கும் வரைக்கும், பேப்பரில் வந்த குதிரைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு பைசா கட்டியதில்லை. வத்தலக்குண்டில் இருக்கும் தம்பி கிறிஸ்துமஸுக்கு வந்தால் ஒருநாள் தங்குவான், அவனிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? ஆனால் போகப்போக அவள் கண்டுபிடித்த கணக்கு வேறு. அது குதிரைகளைப் பற்றியது இல்லை.

அவர் மகள் வள்ளி பம்பாயில் இருந்தாள். சனிக்கிழமை காலையில் அவள் கூப்பிடுவாள். கூப்பிட்ட வாரத்தில் மத்தியானம் அவர் அளவாகக் கட்டுவார், பெரும்பாலும் நாலு காசு பார்ப்பார். வள்ளியின் கால் வராத வாரத்திலோ மார்க்காவது மண்ணாங்கட்டியாவது! ஒன்றுக்கு இருபது தருகிற ஏதாவது நோஞ்சான் குதிரை மேல் அள்ளிக் கட்டுவார். தோற்பார். ஐப்பசியில் அப்படி ஒரு சனிக்கிழமைக்குப் பிறகுதான் கீழ்த்தோட்டத்தை விற்க அவர் புரோக்கரிடம் பேசினார். அந்தப் பேச்சுக்கும் லைன் போட்டுக்கொடுத்தது ஞானம்மாதான். குதிரைக்கு அவர் போட்ட கணக்கை அவள் அவருக்கே போட்டுப் பார்த்தாள், ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

போன சனிக்கிழமை வள்ளியின் கால் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. வியாழக்கிழமை அவர் பேங்க் மேனேஜரிடம், "எல்லாத்தையும் முடிச்சு எடுத்துக்கிடறேங்க, ஒண்ணும் மிச்சம் வேணாம்" என்று சொன்னதை அவள் காதாலேயே கேட்டாள். இப்போது லைட்னிங். இதற்கு மேல் கூட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

மெட்ராஸுக்கு வழியான மதுரை லைன் அவள் கண் முன்னால் சும்மா கிடந்தது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"லைன் கெடைக்கலைங்க சார். பொங்கல் நேரம், எல்லாம் புல்லாக் கெடக்கு."

"அப்படியா? மூணு மணி ரேஸும்மா. கொஞ்சம் வெரசாப் பாருங்க."

"பாக்குறேங்க."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இல்லாத லைனை இருக்கிறது என்றோ, இருக்கிற லைனை இல்லை என்றோ அவள் சொன்னதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை ஒளிப்பானேன். அவள் இல்லையென்றால் ஒரு மனிதருக்கு இன்று எல்லாம் போயிருக்கும். அவள் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அப்படிப் பிடித்து நிறுத்த அவளுக்கென்று இதுவரை யாரும் இருந்ததில்லை. ஜன்னலில் தை மாத வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. மிச்சப் பழத்தை நிதானமாகத் தின்றாள்.

மூன்றுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஷட்டர் மறுபடி விழுந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று அவர் ஆரம்பித்ததுமே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்பா, இந்த டிரங்குப் பெட்டியையும் பம்பாய்க்குத் தூக்கணுமா?"

ஞானம்மாவுக்கு அந்தக் குரல் தெரியும். எப்போதும் இரைச்சலுக்குள்ளிருந்து வருகிற குரல், இப்போது பக்கத்து அறையிலிருந்து பளிச்சென்று வந்தது.

"இந்தா வாரேன் வள்ளி" என்றவர், இவளிடம் சொன்னார்: "எம் பொண்ணு வந்திருக்காம்மா. வாரேன்னு கடுதாசி போட்டுட்டு, ரெண்டு வாரமா ரயில் டிக்கெட்டுக்கு அலைஞ்சு, நேத்துத்தான் வந்து எறங்குனா. என்னையக் கையோட கூட்டிட்டுப் போறாளாம். திங்கக்கெழம கெளம்புறோம். சரி, போறதுக்கு முன்னால கடைசியா ஒண்ணு கட்டுவமேன்னு பாத்தேன். அம்பது ரூவாதான். லேட் மான்சூன்னு ஒரு குதிரை. என் கணக்குல இம்புட்டுச் சுத்தமா ஒண்ணு வந்ததே இல்ல."

ஐம்பது ரூபாய்ப் பந்தயம். லைட்னிங் காலுக்கே அதைவிடக் கூடுதலாக ஆகும். பேங்க் மேனேஜர், லைட்னிங், வராத சனிக்கிழமைக் கால், எல்லாவற்றையும் ஞானம்மா சரியாகத்தான் எண்ணியிருந்தாள். மகள் நேரில் வந்துவிட்டால் கால் வராது என்பதுதான் அவள் புத்தியில் ஏறவில்லை. நேரில் வருகிற மனிதர்கள் போர்டில் தெரிவதில்லை, அவளுக்கும் அப்படி யாரும் வந்து பழக்கமில்லை.

"இப்பவே பாக்குறேங்க சார்" என்று சொல்லி, மதுரையில் சொருகினாள். "மதுரை, மதுரை, கொடை பேசுறேன். மெட்ராஸ் லைட்னிங் ஒண்ணு, சீக்கிரம்."

"என்னக்கா நீங்க, இந்நேரம் பாத்து வாரீங்க," என்றாள் மதுரைப் பெண். "ஒரு சர்க்யூட்டும் இல்ல. எங்க ஊர் லைட்னிங்கே ரெண்டு காத்துக் கெடக்கு. அரை மணிக்கு முன்னால கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"உசுரு போற விஷயம்டி."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியது. அவரைக் கூப்பிட்டு, "லைன் கெடைக்கலைங்க சார்" என்றாள். முதலில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். இந்தத் தடவை உண்மை, ஆனால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குத்தான் டியூட்டி. பேப்பர் வருகிற பஸ் வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நூற்று முப்பத்தேழு விழுந்தது.

"ஜெயிச்சிருச்சும்மா!" என்றார் அவர். குரலில் அப்படி ஒரு துள்ளல். "லேட் மான்சூன் ஜெயிச்சிருச்சு. ஒண்ணுக்கு ஒம்பது. நான் சொன்ன மாதிரியே கடைசி வளைவு வரைக்கும் பின்னால கெடந்து, அப்புறம் மேல வந்திருக்கு."

"ஐயோ சார்..." என்றாள் ஞானம்மா. "நீங்க கட்ட முடியாமப் போச்சே."

"காசு கெடக்கு விடுங்க. கணக்கு சரியாப் போச்சு பாருங்க. வள்ளிகிட்டச் சொன்னா, சரிப்பா சரிப்பான்னு துணிய மடிக்கிறா. அவளுக்கு இது என்ன தெரியும்? இந்த ஊருல என் கணக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்."

ஞானம்மா மேசை மேல் கிடந்த டிக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"நீங்க கேட்டுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும்மா" என்றார் அவர். "கீ போட்டா டிக்குனு சின்னதா ஒரு சத்தம் வரும்ல? சனிக்கெழம அந்தச் சத்தம் வந்ததுக்கு அப்புறந்தான் நான் சேனாதிபதிகிட்டப் பேச்சையே ஆரம்பிப்பேன். அவனுக்கா அம்புட்டு வெளக்கம் சொன்னேன்? அவனுக்கு எந்தக் குதிரை, எவ்வளவு ரூவா, அது போதும்."

இப்போதே சொல்லிவிடலாம். நேற்று லைன் இருந்தது சார், நான்தான் தரவில்லை. இவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உள்ளூர்க் காலுக்குமாம்மா? சரி சரி, சட்டம்னா சட்டந்தான். வாரேன். ஒடம்பப் பாத்துக்கங்க." வைத்துவிட்டார். பேரைக்கூட அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை லைன்மேன் மலைச்சாமி டீயோடு வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றான். "நூத்தி முப்பத்தேழ சரண்டர் பண்ணிட்டாகக்கா. வீடு பூட்டிக் கெடக்கு. சாவிய வாங்கி நாளைக்கு வெள்ளனே போயிக் கருவியக் கழட்டணும்."

"இன்னைக்கு இருக்கா அங்க?"

"ஆமா, கூடத்துல கெடக்கு. எதுக்குக்கா?"

"சும்மா கேட்டேன்."

அவன் போய்விட்டான். இரண்டு மணி ஆயிற்று. ஷட்டர் மூடியே இருந்தது. கையில் உரிக்க ஒன்றுமில்லை. ஞானம்மா கார்டை எடுத்து நூற்று முப்பத்தேழில் சொருகி, மணியை விட்டாள். பேரி மரங்களுக்கு நடுவே, அவள் ஒருநாளும் பார்த்திராத கூடத்தில், மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவள் கேட்கும் கீயைப் போட்டாள்.

டிக்கென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷமும் அது அவள் காதில் விழுந்ததே இல்லை. கீயை எடுத்துவிட்டு, மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.