ஹேண்ட்பிரேக்குக்கு உடம்பு சரியில்லை

எங்கள் கோழிக்கு ஹேண்ட்பிரேக் என்று பெயர் வைத்தவள் நான்தான். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், லேசில் நகராது. அதிலும் அதற்குப் பிடித்த இடம் என் காரின் பின்சக்கரத்துக்குப் பின்னால். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். காலையில் எழுந்ததும் முதல் வேலை, அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை எடுப்பதுதான். என்னிடம் படிக்கிறவர்கள் எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஹாரன். என் காதுபடச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. பின்னே என்ன? ஒருத்தன் நேராக லாரியைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, "தம்பி, கொஞ்சம் தள்ளி வர முடியுமா?" என்று கொஞ்சிக்கொண்டா இருப்பார்கள்?

கோழிக்கு அந்தப் பெயர் வைத்ததுதான் வினையாகப் போயிற்று. இரண்டு நாளாக அது பின்பக்கச் சுவரோரம் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. ஹேண்ட்பிரேக் உட்காராமல் ஓடியாடவா செய்யும் என்று நானும் வீட்டுக்காரரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தீனி வீசினேன். மற்ற கோழிகள் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தன. இதுவோ தீனியைப் பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டது. தீனியைக் கண்டு கண்ணை மூடுகிற கோழி எங்காவது உண்டா? கிட்டே போய்ப் பார்த்தால், கொண்டை வெளிறிக் கிடந்தது. வால் தரையைத் தொட்டது. தூக்கி நிறுத்தினேன். காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வயிற்றுவலிக்காரர் மாதிரி நின்றது. அப்படியே வாரி எடுத்துக்கொண்டேன்.

நான் குரலை உயர்த்தினால் மனுஷர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். இது ஒன்றுதான் நான் எவ்வளவு கத்தினாலும் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து வாசலில் கால்நடை டாக்டர் வந்து நின்றார். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர். டெஸ்டுக்குப் போவார், தோற்பார், மறுபடி வருவார். போன வாரம்கூட, "டாக்டர், அது ஆக்ஸிலேட்டர்! கரப்பான்பூச்சி இல்ல, அந்த மிதி மிதிக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"டாக்டர்! இன்னைக்கு கிளாஸ் கிடையாது! உள்ள வாங்க!"

பாவம், மனுஷர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

கோழியைக் கையில் வாங்கியதும் ஆளே மாறிப்போனார். ஸ்டியரிங்கில் நடுங்குகிற அந்தக் கைதானா இது? வயிற்றைப் பதமாகத் தடவினார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப முட்டை போட்டுச்சு?"

"முட்டை போட்டா கொக்கரிச்சு ஊரையே கூட்டிடும் டாக்டர். ரெண்டு நாளா சத்தமே இல்ல."

"முட்டை உள்ள சிக்கிட்டிருக்கு. சீக்கிரம் வெளிய வரணும், இல்லன்னா தாங்காது."

"அமுக்கி எடுத்துட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயையோ! உள்ள உடைஞ்சா கோழியே போயிடும். வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைக்கணும். வெளிச்சம் கம்மியா இருக்கணும். அப்புறம்..." என்னைப் பார்த்து எச்சிலை விழுங்கினார். "சத்தமே கூடாது மேடம். பயந்துச்சுன்னா இறுக்கிக்கும். யாரும் கத்தக் கூடாது."

"நான் எங்க கத்துறேன்?" என்று கத்தினேன். கோழி விலுக்கென்று துள்ளியது. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

குளியலறையில் துணி ஊறவைக்கிற டப். வீட்டுக்காரர் வெந்நீரை விளாவி, முழங்கையால் சூடு பார்த்தார். டாக்டர் வாலடியில் எண்ணெய் தடவிவிட்டார். நான் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கோழியை வயிறு நனையும்படி தண்ணீரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க மேடம். தோளை இறக்குங்க. அங்க இங்க பாக்காதீங்க, நேரா பாருங்க."

எல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். கொழுப்பைப் பார்!

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். பின்னாடி பம்பர் நசுங்கினதுக்கு உங்கிட்ட படிக்கிற அந்தப் பல்டாக்டர் பொண்ணைத் திட்டினியே... அது அந்தப் பொண்ணு வேலை இல்ல. நான்தான். நம்ம கேட்டுல இடிச்சுட்டேன்."

நான் நிமிர்ந்தேன்.

"மேடம், கோழி," என்றார் டாக்டர்.

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். இதுதான் சமயமென்று மனுஷர் அடுத்ததை அவிழ்த்துவிட்டார்.

"அக்கா நாளைக்கு வராங்க. ஒரு மாசம் இருப்பாங்க."

என் நாத்தனார்! அலமாரி மேல் விரலை ஓட்டித் தூசி பார்க்கிற மகராசி! நாளைக்கு வருகிறவரைப் பற்றி இன்றைக்கு, அதுவும் குளியலறையில் வைத்து! என் காது இரண்டும் சூடாகிவிட்டன. கை மட்டும் கோழியை அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

"உன் பச்சை ஸ்வெட்டர்கூட தொலைஞ்சு போகல. கோழிக்குக் குளிருமேன்னு நான்தான் கூண்டுக்குள்ள போட்டேன்."

இதற்குத் திட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள், "மேடம், நானும் ஒண்ணு சொல்லிக்கலாமா?" என்று டாக்டரும் சேர்ந்துகொண்டார். "எங்க மாமா கார்ல மார்க்கெட்டுக்கெல்லாம் நான் நல்லாவே போயிட்டு வரேன். நீங்க பக்கத்துல உக்காந்தாதான் காலு நடுங்குது."

லைசென்ஸ் இல்லாமலா! அந்த வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது கோழி முக்கியது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். அப்புறம் ப்ளக் என்று ஒரு சத்தம். டப்பின் அடியில் முட்டை உருண்டது.

ஆண்கள் இருவரும் சொல்லிவைத்த மாதிரி கதவோரம் நகர்ந்தார்கள். நான் கத்தவில்லை. கோழியின் தலை என் மணிக்கட்டில் சாய்ந்து கிடந்தது. கண் திறக்கவில்லை. டாக்டர் ஓடிவந்து துவட்டினார். வீட்டுக்காரர் அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து சுற்றினார். வாயோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டோம்.

"ரொம்ப சோர்ந்து போயிருக்கு," என்றார் டாக்டர். "எழுந்து நின்னு குரல் கொடுத்துச்சுன்னா பயமில்ல."

காத்திருந்தோம். எழவில்லை.

"பொழச்சுக்குமா டாக்டர்?"

கேட்டது நான்தான். அந்தச் சின்னக் குரல் எனக்குள் இத்தனை காலம் எங்கே இருந்ததோ! வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, பம்பர் பத்தி ஏதாவது கேளேன்."

தலையாட்டி மறுத்தேன்.

"ரெண்டு திட்டாவது திட்டும்மா. நீ இப்படி இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது."

"கோழி பயப்படும்ங்க," என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். கண்ணீர் நேராகக் கோழியின் தலையில் சொட்டியது.

தலையில் ஈரம் பட்டால் எந்தக் கோழிக்குத்தான் பொறுக்கும்? அது தலையைச் சிலுப்பியது. ஒரு கண்ணைத் திறந்து, என்ன இது என்பதுபோல் என்னைப் பார்த்தது. ஸ்வெட்டரை உதறிவிட்டு என் மடியிலேயே எழுந்து நின்றது.

"கொக்... கொக்... கொக்கொக்கொக் கொக்கோ!"

குளியலறை அதிர்ந்தது. இனி என்னை யார் நிறுத்துவது?

"அவ்வளவு பெரிய கேட்டு! கண்ணை எங்கங்க வச்சிருந்தீங்க? பாவம், அந்தப் பொண்ணு எப்படி அழுதா தெரியுமா? நாளைக்கு வர்ற அக்காவைப் பத்தி இன்னைக்குதான் வாயத் திறப்பீங்களா? டாக்டர், எங்க நழுவுறீங்க? நில்லுங்க! லைசென்ஸ் இல்லாம மார்க்கெட்டுக்கா போறீங்க, மார்க்கெட்டுக்கு?"

நான் ஒரு வரி கத்தினால் அது ஒரு வரி கொக்கரித்தது. வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்பாடா! டாக்டர், ரெண்டு பேருமே தேறிட்டாங்க."